கேட் போட்ட நேரம்

பத்து மணிக்குக் கரண்ட் போனது.
ஏகாம்பரகுப்பத்தில் அத்தனை தறியும்
பாதி அடியில் நின்றது.
எங்கள் கொட்டகையில் மட்டும் பதினாறு.
நாடா போன பக்கமே தங்கிவிட்டது.

உடனே அமைதி என்று நினைக்க வேண்டாம்.
தறி நின்ற பிறகும் காதுக்குள் ஒன்று ஓடும்.
அது அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும்.
அடங்கியதும் கேட்டது,
ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம்
கல்யாண மண்டபத்தில்
மைக்கும் செத்துப்போய்
வெறும் காற்றில் வந்த சன்னாயி.

ஸரிமப என்று விறுவிறுவென ஏறியது.
"ஆரபி" என்றான் தேசப்பன்,
கையில் ஸ்பேனர், பல்லில் அணைந்த பீடி.
எந்த மிஷினையும் திறக்கும் முன்பே
நோய்க்குப் பெயர் சொல்லிவிடுகிற பிட்டர்.

"இரு. தேவகாந்தாரிக்கும் அதே படிதான்.
ஏற அஞ்சு, இறங்க ஏழு.
படியை எண்ணி வீட்டுக்காரரைச் சொல்ல முடியுமா?"
பந்தயம் இரண்டு மசால்வடை, ஒரு டீ.

எனக்குப் பாட்டுத் தெரியாது.
ராத்திரிக் கச்சேரியில்
ரேடியோக்காரர் பெயர் சொல்லுமுன்
நான் சொல்லிவிட வேண்டும் என்ற வீம்பு மட்டும்.
இப்போது அதுவும் பாதி.
பத்தொன்பது வருஷம் தார் சுற்றிய காது;
புத்தூர் டாக்டர் காட்டிய காகிதத்தில்
கோடு வலப்பக்கம் சரிந்து கிடந்தது.
மேலே போகிற சுரம் எனக்கு வராது.
அதனால் சுரத்தை விட்டுவிட்டு
எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறார்
என்று கேட்கப் பழகியிருக்கிறேன்.

ஆரபி, சனிக்கிழமை கூலி வாங்கப் போகிறவள்.
காந்தாரத்தில் கால் பாவாது.
தேவகாந்தாரி, வாங்கிக்கொண்டு திரும்புகிறவள்.
ரிஷபத்தில் நின்று பூ விலை கேட்பாள்,
வாங்கமாட்டாள்,
மறுபடி கேட்பாள்.

மேல் ஷட்ஜம் தொட்டு இறங்கத் தொடங்கினார்.
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
மத்யமத்துக்கு வந்த நேரம்
ரேணிகுண்டா கூட்ஸ் வந்துவிட்டது.
காந்தாரத்தின் மேலேயே
நாற்பத்திரண்டு பெட்டி.

வாசலில் சம்பங்கி கட்டிய வேன் ஒன்று
ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது.
யார் கவனித்தது?

கூட்ஸ் போனதும் பார்த்தால்
சன்னாயி ரிஷபத்தில் நிற்கிறது.
நின்றுகொண்டே இருக்கிறது.
"தேவகாந்தாரி!" என்று நான் எழுந்துவிட்டேன்.
"நடுவில் கேட்கவே இல்லையே, எப்படிச் சொல்..."
கரண்ட் வந்தது.

தறிச் சத்தத்தில் நாங்கள்
உதட்டைப் பார்த்துப் பேசுகிறவர்கள்.
மதியம் வரை அவன் உதடு ஆ என்றது,
என் உதடு தே என்றது.

சாப்பாட்டு வேளையில் மண்டபத்துக்கே போனோம்.
பின்கட்டில் பிளாஸ்டிக் நாற்காலி,
மடியில் வாத்தியம், கையில் மோர்.
பெயர் முனிகிருஷ்ணய்யா.
"ஏ ராகமய்யா அது?" என்றேன்.
என்னைப் பார்த்துத் தமிழில் சிரித்தார்.

"ஆரபிதாம்மா எடுத்தேன்.
மாப்பிள்ளை வேன் பள்ளிப்பட்டுலருந்து வருது,
கேட் போட்டுட்டாங்களாம்.
பொண்ணோட மாமா தூணோரம் நின்னு
இழு இழுன்னு கை காட்டறாரு. இழுத்தேன்.
எந்த இடத்துல மாறிச்சின்னு
என்னைக் கேட்டா?"
மீதி மோரைக் குடித்தார்.
டோலுக்காரர் கங்குலய்யா
தனக்கும் தெரியாது என்று தலையாட்டினார்.

திரும்பும்போது தேசப்பன் பேசவில்லை.
திருத்தணி ரோட்டில் போர்டு இருக்கிறது,
எழுத்து மாறுகிற இடத்தைக் காட்டிவிடலாம்.
அதே ரோட்டு டீக்கடைகளில்
பேச்சு எந்தக் கடையில் மாறுகிறது என்று
இதுவரை நான் யாரையும் கேட்டதில்லை.

வடை ஆளுக்கொன்று.
டீக்குக் காசு யார் கொடுப்பது என்பது
இன்னும் தீரவில்லை.

இப்போதெல்லாம் கரண்ட் போனால்
காதைத் தீட்டுவதற்கு முன்
எட்டிப் பார்க்கிறேன்,
கேட் போட்டிருக்கிறார்களா என்று.